‘வைரிதான், விடுங்க’: இரைகொல்லிப் பறவைகளைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை முடிந்து கண்மாய்கள் நிரம்பிவிட்டால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கழுத்தில் பைனாகுலரோடு புது முகங்கள் தென்பட ஆரம்பித்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பெரியவர்கள், லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆச்சிகள் என்று எல்லாரும் வருகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. நாரையையும் கூழைக்கடாவையும் இவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள், ஏனென்றால் அவை ஒரே இடத்தில் நின்று நிதானமாகத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே ஒரு பருந்தோ கழுகோ எதிர்பாராமல் வந்துவிட்டால்தான் எல்லாம் கலைந்துபோகிறது. ஆரம்ப காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில், இவர்களும் செய்கிறார்கள்.

சத்தம் போடாதீர்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம், தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவற்றில் ஒன்று மட்டும் மிக நீளமாக வரும். அதைச் சுருக்க எனக்கு மனசு வரவில்லை.

எட்டரை மணிக்கே கிளம்பிவிடுவது

விடியற்காலை ஆறு மணிக்கு வருவது சின்னப் பறவைகளுக்குச் சரி. ஆனால் அகன்ற இறக்கையை விரித்து வட்டமடிக்கும் பெரிய பறவைகளுக்கு மேலே தூக்கிவிட வெப்பக் காற்று வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் பொட்டலும் செம்பாறையும் சூடேறி அந்தக் காற்று கிளம்ப ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை கழுகு எங்கேயாவது ஒரு பனை உச்சியிலோ தைலமரத்திலோ செல்போன் கோபுரத்திலோ உட்கார்ந்தே இருக்கும். சரி, காரைக்குடிக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் வண்டியைத் திருப்பும் நேரத்தில்தான் அது எழும்பவே ஆரம்பிக்கிறது. இட்லியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பதினொரு மணி வரை கரையில் நிழலாகப் பார்த்து உட்காருங்கள். முதலில் ஒரு கரும்பருந்து வட்டமடிக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடாமல் அதற்கும் மேலே, இன்னும் உயரத்தில் பைனாகுலரைக் கொண்டுபோங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அங்கே இருக்கும்.

சீமைக்கருவேலங்காட்டுக்கு மேலே பத்து மணி வாக்கில் காற்றை எதிர்த்து இறக்கையை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் தொங்கும் பெரிய வெளிர்நிறப் பறவையைக் கண்டால் குட்டைவிரல் பாம்புக் கழுகாக இருக்க நிறைய வாய்ப்பு. தலை உருண்டையாக, கண் மஞ்சளாக, வாலில் சில பட்டைகளோடு இருக்கும், இறக்கை மடங்கும் இடத்தில் கரும்புள்ளி இருக்காது. கருந்தோள் பருந்தும் இப்படித் தொங்கும், ஆனால் அது சின்னது, வெள்ளை உடம்பு, தோளில் கருப்பு. கரண்ட் கம்பியில் தினமும் பார்க்கிற பறவைதான்.

வல்லூறுகளின் கதை வேறு. அவை கருக்கலிலும் அந்தியிலும்தான் அதிகமாக வேட்டையாடும், வெப்பக் காற்றுக்குக் காத்திருக்காது. ஆக, ஆறு மணிக்கும் வர வேண்டும், பத்து மணிக்கும் இருக்க வேண்டும்.

வானத்தில் இருப்பதன் அளவைச் சொல்வது

“ரொம்பப் பெரிசா இருந்துச்சு அக்கா, கழுகேதான்.” இதை நான் கேட்காத வாரமே இல்லை. வெறும் வானத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது. பக்கத்தில் பறக்கும் சின்னப் பறவையும் தூரத்தில் பறக்கும் பெரிய பறவையும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். அதை ஒரு காக்கை துரத்தினால் மட்டும் அளவைச் சொல்லுங்கள், அப்போது காக்கைதான் உங்கள் அளவுகோல்.

அளவுக்குப் பதில் உருவத்தைச் சொல்லுங்கள். இறக்கை நுனி கூர்மையா, விரல் விரித்தாற்போலப் பிரிந்திருக்கிறதா? மிதக்கும்போது இறக்கையை மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கிறதா, தட்டையாக வைத்திருக்கிறதா, நடுவில் மடித்திருக்கிறதா? பூனைப்பருந்துகள் உயர்த்திப் பிடிக்கும். மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பான் மடித்த மாதிரி வைத்திருக்கும். கரும்பருந்தின் வால் பிளவுபட்டிருக்கும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, பிளவு இல்லையே, அப்போ இது வேறு ஏதோ அபூர்வம் என்று குதிக்காதீர்கள். வாலை விசிறியாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடும், இறகு உதிர்க்கும் பருவத்தில் வால் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். குளிர்காலத்தில் வரும் பூட்டட் கழுகின் கரும்நிற வகைக்கும் கரும்பருந்துக்கும் நடுவே குழம்பினால், எதிரே வரும்போது கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள், லாரியின் முன்விளக்கு மாதிரி, இருந்தால் அது கழுகு.

பார்ப்பதற்கு முன்னால் பெயர் வைத்துவிடுவது

நீளமாக எழுதப் போகிறேன் என்று சொன்னது இதைத்தான்.

ஒரு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் சமயத்திலும் செய்துவருவது. நாங்கள் எடுத்துக்கொண்டது காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கிற ஒரு கண்மாய். எந்தக் கண்மாய் என்று எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. நீளமான கரை, கரையோரம் பனை வரிசை, நடுவில் இரண்டு மூன்று மொட்டைப் பனைகள். ஆள் அதிகமாக இருந்ததால் இரண்டாகப் பிரிந்தோம். நான் ஒரு கூட்டத்தோடு கலுங்குப் பக்கம் போனேன், இன்னொரு கூட்டம் மடைப் பக்கம் போனது. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் பல வருஷமாகப் பறவை பார்க்கிறவர், நல்ல கண் உள்ளவர்.

மொட்டைப் பனையின் உச்சியில் சாம்பல் முதுகோடு புறா அளவில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. அவர் பைனாகுலரை வைத்து எடுத்தார், ஒரு நொடி இருக்கும். “வைரிதான், விடுங்க. அங்கே நாரை இறங்குது பாருங்க.” அத்தனை பேரும் நாரைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அவர் சொன்னது ஊகம் என்ற அளவில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் சாம்பல் முதுகும் கொக்கி மூக்கும் உள்ள புறா அளவுப் பறவையைக் கண்டால் அநேகமாக அது வைரியாகத்தான் இருக்கும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆள் குடியில்லாத பெரிய வீடுகளின் பின்கட்டு வேப்பமரங்களில் உட்கார்ந்து அணிலையும் ஓணானையும் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் பறவை அது. ஆனால் ஊகத்தை ஊகமாக வைத்திருக்க வேண்டும். அதற்குப் பெயரைச் சூட்டி வாய்விட்டுச் சொன்ன அந்த நொடியில் அத்தனை ஜோடிக் கண்களும் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

ஒருத்தியைத் தவிர. பெரியப்பாவோடு வந்திருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை. “பெரியப்பா, இதுக்குத் தலை செங்கல் கலர்ல இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். “வெயில் பட்டா அப்படித்தான்மா தெரியும், வா” என்று அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்து ரோட்டோரக் கடையில் டீ குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்று, நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பென்சிலில் ஒரு படம். தலையிலும் பிடரியிலும் “செங்கல்” என்று எழுதி அம்புக்குறி. கண் கருப்பு, சுற்றி மஞ்சள் வளையம். கன்னமும் தொண்டையும் வெள்ளை. நெஞ்சுக்குக் கீழே வெள்ளையில் மெல்லிய கருப்புக் கோடுகள், குறுக்குவாட்டில். வாலின் கடைசியில் ஒரு தடித்த கருப்புப் பட்டை, அதற்கும் கீழே வெள்ளை ஓரம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கை நுனி வால் நுனிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. “அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு அக்கா, ரெண்டும் சேந்து ஒரு குருவியை ஆளுக்கு ஒரு பக்கமா விரட்டுச்சு.” இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

அது செந்தலை வல்லூறு. எனக்கு டீ கையிலேயே ஆறிப்போனது. திறந்த வறண்ட நிலத்திலும் பனங்காட்டிலும் வாழ்கிற வல்லூறு. காக்கை கட்டிவிட்டுப் போன பழைய கூட்டில், பனை உச்சியில், முட்டை இடும். ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சேர்ந்து வேட்டையாடுவது அதன் பழக்கம், ஒன்று விரட்ட மற்றது மறித்துப் பிடிக்கும். உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிக்கொண்டிருக்கும் இனம் என்று ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து வெயில்காலம் வரை அதன் கூடு கட்டும் பருவம். ஒரு ஜோடி, ஜனவரியில், பனை வரிசையில்! இதைவிட என்ன வேண்டும்?

வைரியாக இருந்தால் கண் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருக்கும், கருப்பாக இருக்காது. நெஞ்சுக் கோடுகள் செம்பழுப்பாக இருக்கும். தொண்டை நடுவில் ஒரு கருங்கோடு இறங்கும். இறக்கை குட்டையாக, நுனி உருண்டு, உட்கார்ந்தால் வாலின் பாதிக்குக் கிட்டவே நின்றுவிடும். வாலில் ஒரு பட்டை மட்டும் இருக்காது, பல இருக்கும். பறக்கும்போது நாலு அடி அடித்துவிட்டுக் கொஞ்சம் மிதக்கும், மறுபடி அடிக்கும். இத்தனையும் பைனாகுலரில் அரை நிமிஷம் வைத்திருந்தால் தெரிந்துவிடுகிற விஷயங்கள். அரை நிமிஷம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

உடனே திரும்பிப் போனோம். மொட்டைப் பனையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பட்டியல் அதற்குள், பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏறிவிட்டது: வைரி, ஒன்று. இரண்டு பறவை இருந்ததுகூட அதில் வரவில்லை. நடத்தியவரிடம் சொன்னேன். “சின்னப் புள்ள சொல்றதை வச்சு எப்படிங்க மாத்துறது, போட்டோவும் இல்ல” என்றார். செந்தலை வல்லூறு என்று போட வேண்டாம், ‘வல்லூறு இனம்’ என்று போடலாம், அந்தப் பிள்ளை சொன்னதைக் குறிப்பாகச் சேர்க்கலாம், அவள் வரைந்த படத்தையே போட்டோ எடுத்து இணைக்கலாம், அதற்கெல்லாம் அதில் இடம் இருக்கிறது என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ காலை அந்தக் கரைக்குப் போனேன். ஒரு அந்தியில் கூரிய இறக்கையோடு ஏதோ ஒன்று பனைகளுக்கு நடுவே சர்ரென்று போனது. அதை வைத்து எதையும் பதிவு செய்ய முடியாது, செய்யவும் இல்லை.

அப்புறம் அந்தப் பனைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். செங்கல் சூளைக்கு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்திருந்தது. அதைச் சொல்லி மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்: “அந்த மரங்களில் அப்படி என்ன முக்கியமான பறவை இருக்கு? பதிவு ஏதாவது வச்சிருக்கீங்களா?” வைத்திருந்தோம். அந்தக் கண்மாயின் பட்டியலில் கிளி, மைனா, பனங்காடை, வைரி. வைரி அந்த அலுவலகத்து வாசல் மரத்திலேயே இருக்கும். எங்களிடம் பதில் இல்லை. பதிவு இருந்திருந்தால் மரங்கள் நின்றிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கேட்ட இடத்தில் நீட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். இப்போது அந்தக் கரையில் பனை இல்லை. பக்கத்துக் கண்மாய்களில் இன்னும் நிற்கிறது, அந்த ஜோடியோ அதன் குஞ்சுகளோ அங்கே இருக்கலாம், அதனால்தான் ஊர் பெயரை எழுதவில்லை.

இன்றைக்கும் கண்மாய்க்கரையில் யாராவது “வைரிதான், விடுங்க” என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். புதியவர்கள் பயப்படுவதெல்லாம் இதற்கு நேர் எதிரான தவறுக்கு: சாதாரணப் பருந்தைப் பார்த்து ராஜாளி என்று சொல்லிவிடுவோமோ, நாலு பேர் சிரிப்பார்களோ என்று. அந்தத் தவறால் பெரிய சேதம் கிடையாது. இந்த மாவட்டத்தில் வழக்கமாக வராத பறவையை நீங்கள் இ-பேர்டில் பதிந்தால் அதுவே நிறுத்தி விவரம் கேட்கும், பிறகு அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார், போட்டோ கேட்பார், சந்தேகம் இருந்தால் பொதுக் கணக்கில் சேர்க்க மாட்டார். மிகையாகச் சொன்னதைத் தடுக்க இத்தனை வேலி இருக்கிறது. குறைத்துச் சொன்னதைத் தடுக்க ஒரு வேலியும் இல்லை. ‘வைரி, ஒன்று’ என்று போட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? கேள்வியே இல்லாமல் உள்ளே போய், உண்மை மாதிரியே அங்கே என்றைக்கும் உட்கார்ந்திருக்கும். புதியவர் கத்துகிற ‘ராஜாளி’யைவிட அனுபவசாலி முணுமுணுக்கிற ‘வைரிதான்’ எனக்கு அதிகக் கவலை தருவது அதனால்தான்.

நான் கூட்டிப் போகும் நடைகளில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். இரைகொல்லி எது தெரிந்தாலும், காக்கை அளவுக்குப் பழகிய செம்பருந்தாகவே இருந்தாலும், அது கண்ணைவிட்டு மறையும்வரை யாரும் பெயர் சொல்லக் கூடாது. பார்ப்பதை மட்டும் சத்தமில்லாமல் சொல்ல வேண்டும்: கண் என்ன நிறம், தலை, நெஞ்சுக் கோடு குறுக்காகவா நெடுக்காகவா, இறக்கை நுனி வாலில் எதுவரை வருகிறது, காலில் இறகு இருக்கிறதா. ஒருவர் அதை எழுதிக்கொண்டே வர வேண்டும். பறவை போன பிறகு, கூட்டத்திலேயே சின்னவரிடம் முதலில் கேட்க வேண்டும். நம் ஊரில் பெரியவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் சின்னவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள், அப்படித்தான் நாம் வளர்த்திருக்கிறோம். ஆகவே பெரியவர் கடைசியில் பேசட்டும். புத்தகத்தை அதற்கும் பிறகுதான் திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்தால் புத்தகத்தில் இருக்கிற படம் நீங்கள் பார்த்த பறவையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், அப்புறம் எது கண்ணில் பட்டது, எது தாளில் பார்த்தது என்று உங்களுக்கே பிரிக்கத் தெரியாது.

கடைசியில் பெயர் கிடைக்கவில்லையா? ‘வல்லூறு இனம்’, ‘பூனைப்பருந்து இனம்’ என்று எழுதுங்கள். அது தோல்வி இல்லை. தவறான வைரியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஊர்ச் செம்பருந்தின் குஞ்சை வெளிநாட்டு விருந்தாளியாக்குவது

வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக இருக்கிற செம்பருந்தை எல்லாருக்கும் தெரியும், பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதன் இளம் பறவை மொத்தமாகப் பழுப்பாக, நெஞ்சில் கீறல்களோடு இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மாசி, பங்குனியில் கண்மாய் வற்ற ஆரம்பிக்கும்போது இப்படி ஒன்று தண்ணீர் மேல் சுற்றினால் போதும், சேற்றுப் பூனைப்பருந்து என்றும் கழுகு என்றும் ஆளுக்கொன்று சொல்வார்கள். வாலைப் பாருங்கள். செம்பருந்துக்கு நுனி உருண்ட, நீளமில்லாத வால். சேற்றுப் பூனைப்பருந்துக்கு நீண்ட வால், இறக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கோரைக்கு மேலே தாழ்வாக, தலையைக் கீழே தொங்கவிட்டுத் தேடிக்கொண்டே போகும், பெண்ணுக்கு உச்சந்தலையும் தொண்டையும் வெண்ணெய் நிறத்தில் இருக்கும்.

பொட்டலில் குளிர்காலத்தில் தெரியும் மற்றப் பூனைப்பருந்துகளில் ஆணை மட்டும் துணிந்து பிரிக்கலாம். வெளிர் பூனைப்பருந்து ஆணுக்கு இறக்கை நுனியில் மெல்லிய கருப்பு ஆப்பு. மாண்டேகு பூனைப்பருந்து ஆணுக்கு நுனி முழுக்கக் கருப்பு, அதோடு இறக்கை மேல் ஒரு கருப்புக் கோடும் ஓடும். கஜகஸ்தான் புல்வெளிப் பக்கமிருந்தெல்லாம் இவை வருகின்றன. பெண்ணையும் இளசையும் தூரத்தில் பார்த்துப் பிரிக்கப் பல வருஷப் பழக்கம் வேண்டும். இனம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

செயலி சொன்னதோடு முடித்துக்கொள்வது

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் நல்ல செயலி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த கருநிழல் போட்டோவைக் கொடுத்தால் அதுவும் ஊகம்தான் செய்யும். கேமராவில் எக்ஸ்போஷரை ஒன்று கூட்டி வைத்து எடுத்தால் வயிற்றுப் பக்கத்துக் கோடுகளாவது கிடைக்கும். ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள், பறவை திரும்பத் திரும்ப எடுங்கள், மங்கலானதையும் அழிக்காதீர்கள். வால் ஒரு படத்தில் தெளியும், இறக்கை இன்னொன்றில். அதற்கும் முன்னால், தயவுசெய்து, பத்து நொடியாவது கண்ணால் பாருங்கள்.

கூட்டுக்கு அடியில் நிற்பது

நிற்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டை என்றே வருகிறது.

இரையோடு உட்கார்ந்திருப்பதை நெருங்குவது

இரையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். உங்கள் படத்துக்காக அது பட்டினி.

லொகேஷனை அப்படியே அனுப்பிவிடுவது

வேட்டங்குடிக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். 1977லேயே சரணாலயம் ஆன இடம், தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைப் பாதுகாக்கிற கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அங்கே இருக்கிறார்கள், வருகிறவர்கள் ஒழுங்கு மீறினால் அவர்களே கேட்பார்கள். கேட்பாரில்லாத ஒரு கண்மாயில் தனிப் பனையில் இருக்கும் கூட்டுக்கு அந்தக் காவல் இல்லை. குஞ்சுகள் பறக்கும்வரை ஊர் பெயர்கூட வெளியே போக வேண்டாம். பதிவை அன்றே எழுதிவிடுங்கள், ஆனால் மறைத்து வையுங்கள், பருவம் முடிந்து வெளியிடலாம்.

வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது

எதிர்பாராத பறவையை முதலில் பார்ப்பது அநேகமாக நாமில்லை. காக்கைகள் ஒரே திசையைப் பார்த்துக் கூட்டமாகக் கரைவது, கரிச்சான் செங்குத்தாக மேலே ஏறிப் போவது, ஆள்காட்டி கத்தாமல் திடீரென்று தரையோடு அமுங்குவது, தண்ணீரில் இருக்கிற வாத்தெல்லாம் ஒரே வீச்சில் எழும்புவது: இதில் எது நடந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். காக்கை துரத்துவதற்கும் வாத்துக் கூட்டம் மொத்தமாக எழுவதற்கும் வித்தியாசம் உண்டு. செம்பருந்து வந்தால் வாத்துகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அத்தனையும் தண்ணீரைவிட்டுக் கிளம்பினால் அது பெரும்பாலும் பொரி வல்லூறாகவோ பெரிய கழுகாகவோ இருக்கும்.

மனிதர்களையும் கேளுங்கள். ஆடு மேய்க்கும் கீதாரி வருஷம் முழுக்கப் பொட்டலில் இருக்கிறவர், எந்தப் பருந்து ஆட்டுக் கிடைப் பக்கம் எப்போது புதிதாக வந்தது என்று அவருக்குத் தெரியும். கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவரிடம், காலை நீட்டித் தண்ணீருக்குள் பாய்ந்து, பிடித்த மீனின் தலை முன்பக்கம் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு போகிற பறவை ஏதாவது வருதாண்ணே என்று கேளுங்கள். செம்பருந்து மேலாக மிதக்கிற மீனைக் கொத்திக்கொண்டு போகும், அவர் அதைச் சொல்லவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆமாம், வெள்ளை வயிறு, கண்ணில் கருப்புக் கோடு என்று அவர் சொன்னால் அது விரால் அடிப்பான், அடுத்த ஞாயிறு அங்கேதான் போக வேண்டும். ஆனால் கேட்கும்போதே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அவரும் மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்.

பழைய குறிப்புகளை அப்படியே விட்டுவிடுவது

இ-பேர்டில் எவ்வளவு பழைய பட்டியலையும் திருத்தலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து உங்கள் பழைய நோட்டையும் போட்டோக்களையும் புரட்டுங்கள். பனை வரிசை உள்ள கண்மாயில், மார்கழியிலிருந்து பங்குனிக்குள், ‘வைரி’ என்று எழுதியிருந்து கூடவே ஒரு மங்கலான போட்டோ இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் கருப்பா, வாலில் ஒரே ஒரு தடித்த பட்டையா? அப்படியானால் பட்டியலைத் திருத்திவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. அந்தப் பனைகள் இன்னும் நிற்கின்றனவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.